ஊதியமும் ஒப்பந்தமும்

உழைப்பை விற்பதில் நம் பள்ளத்தாக்கு இரு முறைகளை நன்கு அறியும். ஒன்று நாட்கூலி, மற்றொன்று மொத்தக் கூலி. காலையில் வயலில் இறங்கி, உரிய நேரம் வரை உழைத்துக் கரையேறியதும் அன்றைய கூலியைப் பெறுவது முதல் முறை. ‘ஏக்கருக்கு இவ்வளவு’ என முன்கூட்டிப் பேசிக்கொண்டு, ஆட்களைத் திரட்டி, நடவை முடித்துத் தந்து தொகை பெறுவது இரண்டாம் முறை. முன்னதில் விற்கப்படுவது நேரம்; பின்னதில் விற்கப்படுவது முடிக்கப்பட்ட வேலை. வேலை இழுத்துக்கொண்டு போனால் முன்னதில் இழப்பு நிலத்தாருக்கு. பின்னதில் அவ்விழப்பு வேலையை ஏற்றவருக்கு. ஆதாயமும் அவ்வாறே இடம் மாறும்.

வயலில் இத்துணைத் தெளிவாகத் தெரியும் இவ்வேறுபாடு, கணிப்பொறித் துறையில் நுழையும் நம் இளைஞர்க்கு அவ்வளவாகத் தெளிவாவதில்லை. கணிப்பொறிப் பழுது நீக்கும் பணியிலிருந்து, தாமே பொறுப்பேற்று நிரல் எழுதித் தரும் ஒப்பந்தப் பணிக்குச் செல்ல விழைவோர் நம் பழைய மாணவரிடையே பலர். கல்லூரிக்கு வரும்பொழுது அவர்கள் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: “ஐயா, எந்தக் கணிப்பொறி மொழியைப் படித்தால் தனியாகத் தொழில் செய்யலாம்?” இதனைத் தமிழாசிரியரிடம் கேட்பது நகைப்புக்கு உரியதாகத் தோன்றலாம். ஆயினும் எம் விடை தமிழாசிரியரின் விடையாகவே அமையும். கணிப்பொறி மொழிகளைக் கற்பிக்க நூல்களும் வகுப்புகளும் மலிந்துள்ளன. பேசியதைத் தெளிவாக எழுதி இருபாலரும் கையொப்பமிடும் பழக்கத்தைக் கற்பிப்பார் இல்லை. ஊதியத்திலிருந்து ஒப்பந்தத்திற்குச் செல்பவரைக் காப்பதும், அது இல்லாதபொழுது அவரை வீழ்த்துவதும் இப்பழக்கமே என்பது எம் கருத்து.

பழுது நீக்குவோர் பெற்ற அறிவு

தேனியிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் உள்ள கணிப்பொறி சர்வீஸ் கடைகளில் பணிபுரிவோரும், சென்னை, பெங்களூரு நிறுவனங்களின் ‘ஹெல்ப் டெஸ்க்’ எனப்படும் உதவிப் பிரிவுகளில் இரவெல்லாம் விழித்திருப்போரும் நம் பகுதிக் கல்லூரிகளில் பயின்று சென்றவர்களே. அச்சுப்பொறி இயங்கவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது, இணைப்பு அறுந்துவிட்டது என்னும் முறையீடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தீர்ப்பது இவர்தம் பணி. நிரல் எழுதுவோரினும் ஒரு படி தாழ்ந்த பணியாக இதனை எண்ணுவோர் உண்டு. யாம் அவ்வாறு எண்ணவில்லை. தம் குறையைச் சொல்லத் தெரியாதவரிடம் பொறுமையாகக் கேட்டு, அவர் சொன்னதற்கும் உண்மையில் நேர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிவது எளிய கலையன்று. அக்கலை கைவரப் பெறாத நிரலாளர் பலர்.

எனினும் இப்பணிக்கு ஓர் எல்லை உண்டு. நேற்று நீக்கிய பழுது இன்று மீண்டும் வரும். அதனை நூறு முறை நீக்கினாலும் ஊதியம் ஒன்றே. மேலும், 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்த பின்னர், முறையீடுகளுக்கு முதல் விடை கூறும் வேலையை இயந்திரங்களிடம் ஒப்படைக்க நிறுவனங்கள் முனைந்து வருகின்றன. ஆகவே மேற்செல்லும் வழியைத் தேடுவது பேராசை ஆகாது; தற்காப்பே ஆகும்.

அவ்வழி தொலைவிலும் இல்லை. ஒரே பழுதைப் பத்து முறை கையால் நீக்கியவர், அதனைத் தானே நீக்கும் சிறு நிரல் ஒன்றைப் பதினோராம் முறை எழுதுகின்றார் அல்லவா? அன்றே அவர் நிரலாளராகிவிடுகின்றார். கடையின் பத்து விற்பனைப் பட்டியல்களை ஒன்றாகத் தொகுப்பது, நாள்தோறும் கணக்குக் கோப்பினைப் படியெடுத்துப் பாதுகாப்பது போன்ற சிறு வேலைகளே இத்துறையின் அரிச்சுவடி.

அதிராம்பட்டினத்தில் 1953இல் பிறந்த உமர்தம்பி அவர்களை ஈண்டு நினைவுகூர்தல் தகும். மின்னணுக் கருவிகளைச் செப்பனிடும் தொழிலில் தொடங்கிய அவர், வளைகுடா நாட்டில் பணியாற்றிய காலத்தில் கணிப்பொறியைத் தம் முயற்சியாலேயே கற்றுத் தேர்ந்தார். ஒருங்குறித் தமிழ் பலருடைய திரைகளில் வெறுங் கட்டங்களாகத் தெரிந்த காலத்தில், அதனைப் படிக்கத்தக்கதாக ஆக்கும் எழுத்துருக்களையும் கருவிகளையும் படைத்து இலவசமாக வழங்கினார். அவ்வெழுத்துருக்களுள் ஒன்றின் பெயர் தேனீ. மற்றொன்றின் பெயர் வைகை. நம் மாவட்டத் தலைநகரையும் நம் ஆற்றையும் நினைவூட்டும் பெயர்கள் அவை. 2006இல் அவர் மறைந்தார். அவர் இவற்றைப் பொருளுக்காகச் செய்தாரல்லர். ஆயினும் பழுது நீக்கும் கை நிரல் எழுதும் கையாக வளரக் கூடும் என்பதற்கு அவர்தம் வாழ்வு நல்ல சான்றாகும்.

வீட்டிலிருந்தே நடந்த தொழில்

நிறுவனத்தில் அமராது வீட்டிலிருந்தே நிரல் எழுதித் தருவது இணையம் தந்த புதுமை எனப் பலர் கருதுகின்றனர். இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்னும் அம்மையார் 1962இலேயே ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவரிட்ட முதல் ஆறு பவுண்டு. 1939இல் ஐந்து வயதுச் சிறுமியாக அகதியாய் அந்நாட்டுக்கு வந்தவர் அவர். அஞ்சல் துறை ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்து, பெண் என்பதால் மேலுயர வழியில்லாமையைக் கண்டு வெளியேறினார். குழந்தைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்ட பெண் நிரலாளர்களுக்கு அவரவர் இல்லத்திலேயே பணி அளித்தார். தம் பெயரிட்டு எழுதிய மடல்களுக்கு விடை வாராமை கண்டு, ‘ஸ்டீவ்’ என ஆண் பெயரில் கையொப்பமிட்டு எழுதியபின் வேலைகள் வரலாயின. கான்கார்டு வானூர்தியின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் இப்பெண்கள் வீட்டிலிருந்து உருவாக்கியதேயாம். முதன்முதல் சேர்ந்த முந்நூறு பணியாளருள் ஆடவர் மூவரே. அம்மையார் 2025 ஆகஸ்டில் காலமானார்.

இவ்வரலாறு நம் மாணவியர் பொருட்டே இங்குக் கூறப்படுகின்றது. கணிப்பொறி அறிவியலில் பட்டம் பெற்று, மணமாகி, ஊரை விட்டு நீங்க இயலாமல் கற்றதை மறந்து வரும் பெண்மக்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் உளர். ஒப்பந்த நிரற்பணி அவர்களுக்கும் உரிய வாயில் என்பதைப் பெற்றோரும் பெரியோரும் உணர்தல் வேண்டும்.

எழுத்தால் வாழும் பள்ளத்தாக்கு

இனி நம் கருத்தின் உயிர்நிலைக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் விளையும் 14,707 ஏக்கர் நிலத்துக்கும் நீர் வருவது பெரியாற்று அணையிலிருந்து. பென்னிகுவிக் அவர்களின் உழைப்பால் 1895இல் அணை நிறைவுற்றது என்பதைச் சிறுவரும் அறிவர். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1886 அக்டோபர் 29 அன்று, திருவிதாங்கூர் அரசுடன் குத்தகைப் பத்திரம் ஒன்று எழுதப்பட்டது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டு வாடகை ஐந்து ரூபாய். காலம் 999 ஆண்டுகள் என அதில் வரையறுக்கப்பட்டது. 1970இல் துணை ஒப்பந்தம் எழுதப்பட்டு வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்ந்தது. எத்தனையோ ஆட்சிகள் மாறின. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. ஒவ்வொரு முறையும் நம் உரிமைக்குத் துணை நின்றது அன்று எழுதப்பட்ட எழுத்தே. முதலில் பத்திரம், பின்னர்க் கல்லும் சுண்ணாம்பும் என்னும் வரிசையை நம் முன்னோர் கண்டனர். நம் இளைஞரோ முதலில் நிரலைக் கட்டிவிட்டுப் பின்னர்ப் பேரம் பேசுகின்றனர்.

எம் பழைய மாணவர் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கூறுவோம். மலைப்பொருள் வணிகம் செய்யும் கடை ஒன்றில் கணிப்பொறிப் பழுது பார்க்கச் சென்று வந்தார். சரக்கு இருப்பும் விற்பனைச் சீட்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கடைக்காரர் படும் இடரைக் கண்டு, அதற்கென ஒரு நிரல் எழுதித் தருவதாகக் கூறினார். தொகை வாய்மொழியாகப் பேசப்பட்டது. நிரல் இயங்கத் தொடங்கியது. பின்னர் வாரந்தோறும் “இதையும் சேர்த்துவிடு தம்பி” என ஒரு வேண்டுகோள் வந்தது. கிளைக்கடைக் கணக்கு, கூலியாள் பற்றுவரவு, வரிப் பட்டியல் என வேலை வளர்ந்தது, தொகை வளரவில்லை. எட்டுத் திங்கள் கடந்தபின்னும் பேசியதில் மூன்றில் ஒரு பங்கே கைக்கு வந்தது. கடைக்காரரோ, பேசிய தொகையில் அனைத்தும் அடங்கும் என்றே மெய்யாக நம்பியிருந்தார். ஏமாற்றும் எண்ணம் இருவருக்கும் இல்லை. இருவருமே தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணினர். அவ்விளைஞர் இப்பொழுது பெங்களூருவில் மாத ஊதியத்துக்கே திரும்பிவிட்டார். அவர்தம் நிரலில் குறையேதும் இல்லை. ஒரு பக்கத் தாள் இல்லாமையே அவரை வீழ்த்தியது.

அத்தாளில் இருக்க வேண்டியவை சிலவே. எது செய்து தரப்படும், எது இதில் அடங்காது, எந்நாளில் முடியும், முன்பணம் எவ்வளவு, எஞ்சியது எத்தனை தவணைகளில், பின்னர் மாற்றம் கேட்டால் அதற்குரிய தனிக் கட்டணம் யாது, பிழை தோன்றினால் எத்தனை திங்கள்வரை இலவசமாகத் திருத்தப்படும், நிரலின் உரிமை யாருக்கு? இவ்வளவே. ‘நம்மவருக்குள் எழுத்து எதற்கு’ என்பார்க்கு ஒன்று நினைவூட்டுவோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சான்றுகளுடன் உறுதி செய்யுமாறு பணிக்கும் ‘அல்பகறா’ அத்தியாயத்தின் 282ஆம் வசனமே ஆகும். எழுதிக் கொள்வது ஐயத்தின் அடையாளமாகாது. உறவைக் காக்கும் வேலியாகும்.

நிரலும் ஓர் இலக்கியப் படைப்பு

தமிழ் பயில்வோர் வியந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணிப்பொறி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வரையறைக்குள் வைத்துள்ளது. கவிதைக்குரிய பாதுகாப்பு நிரலுக்கும் உண்டு. ஊதியத்துக்குப் பணிபுரிவோர் தம் பணியின் ஊடே எழுதும் நிரலின் முதல் உரிமை, மாறான உடன்பாடு இல்லையேல், நிறுவனத்தையே சாரும். ஒப்பந்தக்காரர் தம் பொறுப்பில் எழுதிய நிரலின் முதல் உரிமை பொதுவாக எழுதியவரையே சாரும்; அதனைப் பிறர்க்கு மாற்ற வேண்டுமெனில் எழுத்தும் கையொப்பமும் இன்றியமையாதன. மாற்றும் ஆவணத்தில் காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு எனவும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியா எனவும் சட்டம் கொள்ளும். ஊதியம் பெறுபவர்க்கும் ஒப்பந்தக்காரர்க்கும் உள்ள வேறுபாடு இங்குத்தான் முழுமையாக வெளிப்படுகின்றது. அறியாமல் கையொப்பமிடுபவர், வாழ்நாள் முழுதும் பயன்தரக் கூடிய தம் படைப்பை ஒரு தவணைப் பணத்துக்கு இழந்துவிடுவார்.

உள்நாட்டில் பணம் பெறுவதற்கும் சட்டத்துணை உண்டு. குறு, சிறு நிறுவனமாக ‘உத்யம்’ பதிவு பெற்றவர்க்கு, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் தரப்படல் வேண்டும் என 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அயல்நாட்டு வாடிக்கையாளரிடம் இச்சட்டம் செல்லாது. ஆகவே அங்கு முன்பணமும் பகுதி பகுதியான ஒப்படைப்புமே பாதுகாப்பு.

வலியும் காலமும் இடமும்

திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பணி மாற நினைப்போர் அவ்வரிசையையே பின்பற்றலாம்.

வலியறிதல் என்பது தம் கையிருப்பை எண்ணுதல். மாத ஊதியத்தோடு வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பு, பணிக்கொடை, ஊதியத்துடன் கூடிய விடுப்பு ஆகியனவும் மறைவாக வருகின்றன. ஒப்பந்தக்காரர் இவை அனைத்தையும் தம் கட்டணத்திலிருந்தே ஈடுசெய்தல் வேண்டும். திங்களுக்கு முப்பதாயிரம் ஊதியம் பெற்றவர், ஒப்பந்தத்தில் முப்பதாயிரம் பெற்றால் அது இழப்பே. வேலை தேடும் நாட்களுக்கும் கணக்கெழுதும் நாட்களுக்கும் கூலி தருவார் இலர். ஜூன் திங்களில் திறக்கும் நீரை நம்பி ஆண்டு முழுதையும் திட்டமிடும் உழவர் போல, வந்த பொழுது சேமித்து வாராத பொழுது உண்ணும் முறையை அறிந்தவர்க்கே இத்தொழில் ஏற்றது. குறைந்தது ஆறு திங்கள் குடும்பச் செலவுக்குரிய தொகை கையில் இல்லாதவர் பணியை விடாதிருத்தல் நன்று.

காலமறிதல் என்பது எப்பொழுது விடுவது என்பதை அறிதல். பணியில் இருந்துகொண்டே சிறு வேலைகளைச் செய்து பார்ப்பது நல்வழி எனப் பலர் கூறுவர். ஆயின் பணி ஆணையில் அதற்குத் தடை உள்ளதா என முதலில் படித்தல் வேண்டும். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கண்டறியப்பட்ட முந்நூறு பேரைப் பணிநீக்கம் செய்ததாக விப்ரோ நிறுவனம் 2022 செப்டம்பரில் அறிவித்தது. தடை இருப்பின் இசைவு பெறுக. அன்றேல் அக்காலத்தைக் கற்றலுக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்துக. மறைந்து செய்யும் தொழில் நெடுநாள் நிலைப்பதில்லை.

இடனறிதலில் நம் மாவட்டத்தின் நிலை மாறியுள்ளது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற தொடர்வண்டி, 2022 மே திங்களில்தான் தேனிக்கும், 2023 ஜூனில்தான் போடிக்கும் மீண்டும் வந்தது. வண்டி வாராத அப்பன்னிரண்டு ஆண்டுகளில் இணையம் வந்து சேர்ந்துவிட்டது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011இல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் அமைத்து, சிற்றூரில் இருந்தும் உலகுக்கு மென்பொருள் ஆக்கலாம் எனக் காட்டியது. அது ஊதியப் பணி என்பது உண்மையே. எனினும் இடம் தடையன்று என்பதை அது மெய்ப்பித்துள்ளது. அயல்நாட்டு வேலைகளை ‘அப்வொர்க்’ போன்ற தளங்களில் தேடுவோர், கண்காணாத பலருடன் கட்டணக் குறைப்பில் போட்டியிட நேர்கின்றது. நம் அருகிலேயோ, போடியில் ஏலக்காய் கணிப்பொறித் திரையில் ஏலம் போகின்றது. திராட்சை, வாழை, நெல், மிளகு எனப் பல வணிகங்கள் இன்னும் துண்டுச்சீட்டுக் கணக்கில் இயங்குகின்றன. பழுது நீக்கச் செல்பவர் இக்கடைகளுக்குள் ஏற்கெனவே நுழைந்தவர். அவர்தம் இடரை நேரில் கண்டவர். எந்தத் தளத்திலும் கிடைக்காத முதல் இதுவே.

நிரலையும் இயந்திரமே எழுதத் தொடங்கிவிட்ட பின்னர் இத்தொழில் நிலைக்குமா என ஐயுறுவோர் உண்டு. ஐயம் நியாயமானதே. எளிய நிரல்களின் விலை குறையும். ஆயினும் இயந்திரத்துக்கும் இன்னது வேண்டும் எனத் தெளிவாக எழுதித் தர ஒருவர் தேவை. அது தந்ததைச் சோதித்துப் பொறுப்பேற்க ஒருவர் தேவை. கடைக்காரரின் கலைந்த பேச்சைக் கேட்டு, ஐயத்துக்கிடமில்லாத பத்து வரிகளாக ஆக்கத் தெரிந்தவர்க்கு மதிப்பு மிகுமேயன்றிக் குறையாது. மீண்டும் மொழித்திறனுக்கே வந்து சேர்கின்றோம்.

நாம் செய்யத் தக்கவை

இப்பணிக்கு எல்லோரும் செல்ல வேண்டும் எனக் கூறோம். நிலையான ஊதியத்தை விரும்புவது குற்றமன்று. குடும்பப் பொறுப்பு மிக்கவர்க்கு அதுவே அறிவுடைமை. செல்ல விரும்புவோர் வெறுங்கையராய்ச் செல்லக் கூடாது என்பதே எம் வேண்டுகோள்.

தமிழ்த்துறையினராகிய நாம் மொழிப்பாட வகுப்பிலேயே இதற்கொரு பயிற்சி தரலாம். மாணவர் ஒரு கடைக்கோ பண்ணைக்கோ சென்று, உரிமையாளரின் தேவையைக் கேட்டு, அதனைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, அவரிடமே படித்துக் காட்டி, ஒப்புதல் பெற்று வருதல் வேண்டும். கடிதமும் கட்டுரையும் எழுதப் பழக்கும் நாம், ஒப்பந்தம் எழுதவும் பழக்குதல் முறையே. வணிகவியல் துறையினரும் கணிப்பொறித் துறையினரும் உடனிருந்து உதவுவராயின் பயன் இரட்டிப்பாகும்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பெண் கொடுக்குமிடத்தில் ‘மாதச் சம்பளமா’ என்று மட்டும் வினவாது, ‘கணக்கு ஒழுங்காக வைத்திருக்கின்றாரா’ எனவும் வினவுங்கள். உங்கள் கடைக்கு நிரல் தேவைப்பட்டால் ஊர்ப் பிள்ளையிடமே கொடுங்கள். கொடுக்கும்பொழுது தாளும் கேளுங்கள். ‘நம்ம பிள்ளைதானே’ என்னும் அன்பு வேலை வாங்குவதில் காட்டப்படுவதைப் போல, குறித்த நாளில் பணம் தருவதிலும் காட்டப்படுமாயின், பெங்களூருவுக்குத் திரும்பிச் சென்ற இளைஞர்கள் சிலரேனும் நம் பள்ளத்தாக்கிலேயே தொழில் செய்து வாழ்வர்.